பூகோளப் படத்தில் இல்லாத ஊரில் கடையடைப்பு!

2006-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஓர் ஊரில் கடையடைப்பு நடந்தது.

துணிக்கடைகள் மூடப்பட்டன. செருப்புக்கடைகள் மூடப்பட்டன. நகை விற்றவர்கள் சரக்கை எல்லாம் வாரி உள்ளே வைத்துவிட்டார்கள். திருட்டை ஒழிக்கும் வரை வியாபாரம் இல்லை என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது?

பூகோளப் படத்தை எடுத்துத் தேடாதீர்கள். கிடைக்காது! அந்த ஊருக்கு ரயில் போகாது. கப்பலும் போகாது. கம்ப்யூட்டர் திரைக்குள்ளே இருக்கிறது அந்த ஊர்.

ஊரின் பெயர், "செகண்ட் லைப்". "இரண்டாவது வாழ்க்கை" என்று அர்த்தம்.

ஊர் கற்பனை. தெரு கற்பனை. கடையும் கற்பனைதான். ஆனால் கடை வைத்திருந்தவர்கள் நம்மைப் போல ரத்தமும் சதையும் உள்ள மனிதர்கள். அவர்கள் ராத்திரி பகலாகக் கண் விழித்து உழைத்தது நிஜம். திருட்டுப் போனதும் நிஜம்.

சந்தில் பிறந்த உலகம்

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே "லிண்டன்" என்று ஒரு சின்னத் தெரு. அந்தத் தெருவில் தொடங்கிய கம்பெனிக்கு, தெருவின் பெயரையே வைத்து "லிண்டன் லாப்" என்று பெயரிட்டார்கள். 1999-ம் ஆண்டு அதைத் தொடங்கியவர், பிலிப் ரோஸ்டேல் என்ற இளைஞர்.

2003-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி அவருடைய புது உலகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

விளையாட்டுத்தானே என்று கேட்பீர்கள். விளையாட்டு என்றால் வெற்றி தோல்வி இருக்க வேண்டும். இங்கே அது கிடையாது. சுடுவதற்கு எதிரி இல்லை. பிடிப்பதற்குக் கோட்டை இல்லை. நடக்கலாம், பறக்கலாம், வீடு கட்டலாம், நாலு பேரைப் பார்த்துப் பேசலாம். அவ்வளவுதான்.

கம்பெனி கொடுத்தது நிலமும் வானமும் கடலும்தான். வீடு, மரம், நாற்காலி, மோதிரம், சட்டை என்று மற்றவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அங்கே குடியேறிய ஜனங்கள்.

அங்கே போகிறவருக்கு ஒரு பொம்மை உருவம் கொடுப்பார்கள். அந்த உருவத்தின் பெயர் என்ன தெரியுமா? "அவதார்"! நம்முடைய "அவதாரம்" என்ற சொல்தான் கடல் தாண்டிப் போய் இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

புதிதாக வந்த அவதாரத்துக்குச் சாதாரணச் சட்டை ஒன்றும் கால்சட்டை ஒன்றும் இலவசம். நேற்று வந்தவரும் அதையே போட்டிருப்பார். இன்று வந்தவரும் அதையே போட்டிருப்பார். தீபாவளி அன்று தெரு முழுவதும் ஒரே நிறத்தில் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?

அங்கேதான் பிறந்தது துணி வியாபாரம்.

தேயிலைப் பெட்டிக் கலகம்

முதலில் ஒரு தொல்லை இருந்தது. எதைச் செய்தாலும் அதற்கு வரி! நாற்காலி செய்தால் வரி. கோபுரம் கட்டினால் அதிக வரி. உழைக்கிறவனுக்கு அபராதம் போட்டதுபோல் ஆகிவிட்டது.

ஜனங்களுக்குக் கோபம் வந்தது. 2003-ம் ஆண்டு கோடைக் காலத்தில் அவர்கள் கற்பனைத் தேயிலைப் பெட்டிகளைச் செய்து மலைபோல் குவித்தார்கள். 1773-ம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயரின் தேயிலையைக் கடலில் கொட்டிக் கலகம் செய்தார்கள் அல்லவா? அதை நினைவுபடுத்தத்தான் இந்தப் பெட்டிகள்.

கம்பெனி யோசித்தது. சட்ட நிபுணர் லாரன்ஸ் லெஸ்ஸிக்கின் யோசனையையும் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் வரி போய்விட்டது. நவம்பர் மாதம் இன்னொரு அறிவிப்பும் வந்தது.

"நீங்கள் செய்த பொருளின் உரிமை உங்களுக்கே" என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம்.

இது சின்ன விஷயம் அல்ல. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் உலகங்களில், உள்ளே இருக்கும் கத்தி முதல் கவசம் வரை எல்லாம் முதலாளிக்கே சொந்தம் என்பதுதான் வழக்கம். இங்கேயோ, சட்டை வரைந்த பெண்ணுக்கே சட்டையின் உரிமை! கதை எழுதியவருக்குக் கதை சொந்தமாக இருப்பதுபோல.

இந்த ஒரு அறிவிப்பை நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் கடை போட்டார்கள்.

ஊசி இல்லாத தையல்

துணி இல்லாமல் எப்படித் துணி தைக்கிறார்கள்?

ஆரஞ்சுப் பழத்தின் தோலைக் கிழியாமல் உரித்து மேஜைமேல் விரித்துப் பாருங்கள். உருண்டை தட்டையாகிவிடும். அதே மாதிரி அவதாரத்தின் மேல் தோலை விரித்தால் தட்டைப் படம் கிடைக்கும். தலைக்கு ஒன்று, இடுப்புக்கு மேலே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று. டெய்லர் கடையில் காகிதத்தில் அளவு வெட்டி வைத்திருப்பார்களே, அதைப் போன்றது இது.

அந்தக் காலத்தில் படம் ஒரு பக்கத்துக்கு 512 புள்ளி. இன்னொரு பக்கத்துக்கும் 512 புள்ளி. அந்தச் சதுரத்துக்குள் சட்டையை வரைய வேண்டும்.

வரைவது என்றால் நிறத்தைப் பூசிவிட்டுப் போவது அல்ல. துணி என்றால் மடிப்பு விழும். முழங்கையில் சுருக்கம் விழும். கழுத்துப் பட்டைக்குக் கீழே நிழல் விழும். பட்டு என்றால் பளபளப்பு வேண்டும். பருத்தி என்றால் பளபளப்புக் கூடாது. இத்தனையையும் புள்ளி புள்ளியாகக் கையால் தீட்ட வேண்டும்.

கஷ்டமான இடம் எது தெரியுமா? விலாப்பக்கம்தான்! முன்பக்கத்துப் படமும் பின்பக்கத்துப் படமும் அங்கே வந்து சேருகின்றன. கோடு போட்ட சட்டை என்றால் முன்கோடும் பின்கோடும் ஒரு மயிரிழை விலகாமல் சேர வேண்டும். இதே தலைவலி நம் ஊர்த் தையற்காரருக்கும் உண்டு. கட்டம் போட்ட துணியைக் கொடுத்தால் அவர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

படம் முடிந்ததும் அதைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு படத்துக்கு அப்போது கட்டணம் 10 லிண்டன் டாலர். மாட்டிப் பார்த்தால் தோளில் கோணல் தெரியும். திருத்த வேண்டும். மறுபடி 10 லிண்டன் டாலர்.

பாவாடைக்குத் தனி வித்தை. படம் உடம்போடு ஒட்டியே இருக்கும், விரியாது. ஆகவே மெல்லிய சின்னச் சின்னத் தகடுகளைச் செய்து, இடுப்பைச் சுற்றி ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். 2006-ம் ஆண்டில் அந்தத் தகடுகளுக்கு வளைந்து ஆடும் குணம் வந்தது. பெண் நடந்தால் பாவாடை அசைந்தது. அது ஒரு பெரிய திருவிழா!

2011-ம் ஆண்டு வேறொரு முறை வந்தது. மீன் வலையைப்போல் கோடுகளைப் பின்னி, அதைத் துணி வடிவத்துக்கு வளைக்கும் முறை. மடிப்பும் கொசுவமும் நிஜம்போல் நின்றன. பார்ப்பவர்களுக்குச் சந்தோஷம். வரைந்து பிழைத்தவர்களுக்கோ பெரும் சோதனை. தூரிகையைப் போட்டுவிட்டுச் சிற்பியின் உளியை எடு என்றால் எல்லோராலும் முடியுமா? சிலர் கற்றுக்கொண்டார்கள். சிலர் கடையை மூடிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு வேடிக்கை. உடம்பையே விற்க ஆரம்பித்தார்கள்! கம்பெனி கொடுத்த உடம்பு அழகாக இல்லை என்று, குடியேறியவர்களே புது உடம்பு செய்து விற்றார்கள். தலை ஒரு கடையில். தலைமயிர் ஒரு கடையில். கண் இன்னொரு கடையில். ஒரு உடம்புக்குத் தைத்த சட்டை மற்றொரு உடம்புக்குப் பொருந்தாது. ஆகவே ஒரே சட்டையை நாலைந்து உடம்புக்குத் தனித்தனியே தைக்க வேண்டியதாயிற்று.

காசு எப்படி வருகிறது?

அந்த உலகத்துக்குத் தனி நாணயம் உண்டு. அதுதான் லிண்டன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மாற்றிக்கொள்ள 2005-ம் ஆண்டு கம்பெனியே ஒரு மாற்றுச் சந்தை வைத்தது.

கடையில் ஆள் நிற்க வேண்டியதில்லை. சுவரில் சட்டையின் படம் மாட்டியிருக்கும். அதைத் தொட்டால் காசு கடைக்காரர் கணக்குக்குப் போகும். சட்டை வாங்கியவர் பெட்டிக்குப் போகும். கடைக்காரர் தன் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம். தூங்கிக்கொண்டும் இருக்கலாம்!

250 லிண்டன் டாலருக்கு ஒரு கவுனை விற்றால் கிடைப்பது ஒரே ஒரு அமெரிக்க டாலர். கேவலம் ஒரு டாலரா என்று நினைக்கலாம். ஆனால் ஒரு முறை தைத்தால் போதும். நூறு பேர் வாங்கினால் நூறு டாலர். இரண்டாவது சட்டைக்குத் துணி வாங்க வேண்டாம். காஜா எடுக்க வேண்டாம்.

இப்படிக் கடை போட்டவர்களில் வீட்டோடு இருக்கும் தாய்மார்கள் உண்டு. உடல் ஊனத்தால் வெளியே வேலைக்குப் போக முடியாதவர்களும் உண்டு.

எல்லோரும் லட்சாதிபதி ஆகிவிட்டார்களா? இல்லை! பத்திரிகைகள் ஒருவரைத்தான் தூக்கிப் பிடித்தன. சீனாவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு பெண்மணி. அங்கே அவர் பெயர் ஆன்ஷீ சங். 2006-ம் ஆண்டு மே மாதம் "பிசினஸ் வீக்" என்ற அமெரிக்கப் பத்திரிகை அவருடைய அவதாரத்தை அட்டையில் போட்டது. அந்த ஆண்டு நவம்பரில், தன் சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது என்று அவர் அறிவித்தார். ஆனால் அவர் சம்பாதித்தது துணியில் அல்ல. கற்பனை நிலத்தை வாங்கி, கூறு போட்டு, வாடகைக்கு விட்டார்! பூமியில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது.

தைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சில்லறைதான். அதிலும் கடை வைத்த இடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். மீதியில் ஒருவர் மின்சாரக் கட்டணம் கட்டினார். ஒருவர் வீட்டு வாடகை கொடுத்தார். நல்ல கை உள்ள சிலருக்கு மட்டும் அதுவே முழுநேர ஜீவனமாக அமைந்தது.

பெரிய கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன. "அமெரிக்கன் அப்பாரெல்" என்ற நிஜத் துணிக் கம்பெனி 2006-ம் ஆண்டு அங்கே ஆடம்பரமாகக் கடை திறந்தது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது. கூட்டமே இல்லை! வீட்டு மூலையில் உட்கார்ந்து தைத்தவர்களின் கடைகள்தான் நின்றன.

திருடன் வந்தான்

இப்போது கடையடைப்புக்கு வருவோம்.

ஒவ்வொரு பொருளிலும் மூன்று பூட்டு உண்டு. நகல் எடுக்கலாமா? மாற்றி அமைக்கலாமா? இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? செய்தவர் தன் இஷ்டப்படி பூட்டுவார், திறப்பார். நகல் எடுக்க விட்டால் பிறருக்குக் கொடுக்க விடமாட்டார். கொடுக்க விட்டால் நகல் எடுக்க விடமாட்டார். இரண்டையும் திறந்துவிட்டால் ஒருவர் வாங்கி ஊருக்கே கொடுத்துவிடுவாரே!

2006-ம் ஆண்டு நவம்பரில் இந்தப் பூட்டை உடைக்கும் கள்ளச் சாவி வந்தது. அதன் பெயர் "காப்பிபாட்". அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ச்சி செய்த ஒரு குழு, சோதனைக்காகச் செய்து வைத்திருந்த கருவி அது. வெளியே போய்விட்டது. அதைக் காசுக்கு விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அது எப்படித் திருடியது?

ஒரு சட்டை உங்கள் திரையில் தெரிய வேண்டுமானால், அந்தச் சட்டையின் படம் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்தே தீர வேண்டும். வந்ததை அந்தக் கருவி பிடித்து வைத்துக்கொண்டது. கண்ணால் பார்க்க முடிந்ததை எல்லாம் களவாட முடிந்தது! பூட்டு வாசலில் தொங்குகிறது. சரக்கோ ஜன்னல் வழியாகப் போகிறது.

கார், விமானம் செய்தவர்களுக்கு இவ்வளவு பயம் இல்லை. அவற்றை ஓட்டும் மூளை கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தது. திருடனுக்குக் கிடைப்பது ஓடாத கார். ஆனால் சட்டைக்கு ஏது மூளை? பார்வைக்கு எப்படி இருக்கிறதோ அதுதான் சட்டை. ஆகவே அடி முழுவதும் துணிக்காரர்கள் தலையில் விழுந்தது.

மூன்று வாரம் கண் விழித்து வரைந்த கவுன். மூன்று விநாடியில் நகல்!

கடைக்காரர்கள் கொதித்தார்கள். கடைகள் மூடப்பட்டன. கள்ளக் கருவியை விரட்டும் என்று சொல்லி ஒரு பெட்டியையும் சிலர் விற்றார்கள். அது ஓயாமல் ஒரே சொல்லைக் கத்திக்கொண்டிருக்கும். பேய் ஓட்டும் மந்திரம்போல! காது வலித்ததுதான் மிச்சம்.

கம்பெனி முதலில், திருட்டுப் போயிருந்தால் சட்டப்படி புகார் கொடுங்கள் என்றது. ஜனங்களின் கோபம் அடங்கவில்லை. பிறகு, அந்தக் கருவியை வைத்து நகல் எடுப்பவர்கள் ஊரைவிட்டு விலக்கப்படுவார்கள் என்று அறிவித்தது. கடைகள் மெல்லத் திறந்தன.

கோர்ட்டில் கற்பனைச் சட்டை

2007-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆறு வியாபாரிகள் ஒன்று சேர்ந்தார்கள். துணி, செருப்பு, கட்டில் என்று கற்பனைச் சரக்கு விற்றவர்கள். நியூயார்க்கில் வசித்த ஓர் ஆள் தங்கள் சரக்கை ஆயிரக்கணக்கில் நகல் எடுத்து விற்றார் என்று மத்தியக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள்.

நிஜக் கோர்ட்டு. நிஜ நீதிபதி. நிஜ வக்கீல்!

இங்கே ஒரு விசித்திரம். அமெரிக்கச் சட்டப்படி நிஜச் சட்டையின் வெட்டுக்குப் பதிப்புரிமை கிடைப்பது அரிது. அணிந்துகொள்ளப் பயன்படும் பொருள் என்று சட்டம் அதை ஒதுக்கிவிடும். திரையில் தெரியும் சட்டையோ வெறும் படம். படத்துக்குப் பதிப்புரிமை உண்டு! நிஜத் தையற்காரருக்கு இல்லாத பாதுகாப்பு, நிழல் தையற்காரருக்கு இருந்தது.

டிசம்பர் மாதம் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனி நகல் எடுப்பதில்லை என்று அந்த ஆள் ஒப்புக்கொண்டார். கிடைத்த லாபத்தையும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார்.

எவ்வளவு? 525 டாலர்.

ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 87 டாலர் 50 சென்ட். அந்தக் கோர்ட்டில் வழக்கைப் பதிவு செய்வதற்கே அப்போது 350 டாலர் கட்டணம்! பணத்துக்காகப் போட்ட வழக்கு அல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது. இது விளையாட்டுச் சாமான் அல்ல, எங்கள் உழைப்பு என்று ஒரு நீதிபதியின் முன் பதிவாக வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். பதிவாகிவிட்டது.

திருட்டு அதோடு நிற்கவில்லை. பெயர் மாறி, வேஷம் மாறி வந்துகொண்டேதான் இருந்தது.

முதலாளியோடு தகராறு

திருடனோடு மட்டும் அல்ல, கம்பெனியோடும் ஒரு தகராறு வந்தது. 2013-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கம்பெனி தன் நிபந்தனைகளை மாற்றியது. குடியேறியவர்கள் செய்து ஏற்றும் பொருளைக் கம்பெனி ஏறக்குறைய எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அர்த்தம் கொள்ளும்படி வாசகம் இருந்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். துணி, சுவர், மரம் ஆகியவற்றின் படங்களை விற்கும் வெளிக் கம்பெனிகள் சில, எங்கள் படத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள் என்றே தடை போட்டுவிட்டன. கடைசியில் 2014-ம் ஆண்டு ஜூலை மாதம் கம்பெனி வாசகத்தைத் திருத்தி, தன் உரிமையைக் குறைத்துக்கொண்டது.

எல்லாச் சண்டையிலும் கடைக்காரர் பக்கமே நியாயம் என்று சொல்ல முடியாது. காசு போட்டால் ஏதாவது ஒரு பொருள் விழும் இயந்திரங்களைச் சிலர் வைத்தார்கள். என்ன விழும் என்று தெரியாது. வேண்டிய சட்டை விழும்வரை காசு போட வேண்டும். லாட்டரிச் சீட்டுப்போல்தான்! 2021-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியோடு கம்பெனி அதற்குத் தடை போட்டது. அதையே நம்பியிருந்த சில கடைகளுக்கு நஷ்டம். ஆனாலும் தடை சரியானதே.

ஊரே மறைந்தால்?

இந்த வியாபாரிகளின் மனத்தின் அடியில் ஒரு பயம் உண்டு.

அங்கே வாங்கிய சட்டையை வெளியே கொண்டுவர முடியாது. மெத்தையின் அடியிலோ பெட்டியிலோ பூட்டி வைக்க முடியாது. கம்பெனியின் கம்ப்யூட்டர் ஓடும்வரைதான் சட்டை. அது நின்றால்?

அப்படி நின்ற ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் "தேர்". நம் கோயில் தேர் அல்ல. இங்கிலீஷில் "அங்கே" என்று அர்த்தம். அதுவும் 2003-ம் ஆண்டில் திறந்த உலகம்தான். அங்கேயும் ஜனங்கள் சட்டை வரைந்து விற்றார்கள். கம்பெனி பார்த்து அனுமதி கொடுத்த பிறகே சரக்கு கடைக்கு வரும்.

2010-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி, ஊரை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். மார்ச் 9-ந் தேதி மூடிவிட்டார்கள். ஒரே வாரம்! வீடு, கடை, அலமாரியில் இருந்த சட்டை எல்லாம் விளக்கை அணைத்தாற்போல் மறைந்தன.

இரண்டு ஆண்டு கழித்து, 2012-ம் ஆண்டு, அதே ஊர் மறுபடி திறந்தது. இம்முறை உள்ளே வரச் சந்தா கட்ட வேண்டும் என்றார்கள்.

"செகண்ட் லைப்" இருபது ஆண்டுகளைக் கடந்து நடக்கிறது. அங்கே தைக்கிறவர்கள், படத்தை வரைந்து முடித்ததும் முதல் பிரதியைத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் அனுப்புகிறார்கள்.